ஒலிபெருக்கியில் என் வயிறு

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். தோடம்பழம் கொண்டு போவார்கள், பிஸ்கட் பெட்டி கொண்டு போவார்கள். என்னைப் பார்க்க வந்தவர்கள் கடவுளின் சித்தத்தைக் கொண்டு வந்தார்கள். தோடம்பழம் என்றால் உரித்தாவது தின்றிருக்கலாம்.

இப்போது சுகமாக இருக்கிறேன். படி ஏறிக்கொண்டே கதைக்க முடிகிறது. என்னைப்போல மூச்சு முட்டுகிற பெண் யாராவது இதை வாசிக்கக்கூடும் என்பதால் நோயைப் பற்றி ஒழுங்காகவே சொல்கிறேன். ஆனால் கோபத்தை விட்டுவிட்டு எழுத எனக்கு வராது. அதை எதிர்பார்ப்பவர்கள் வேறு ஏதாவது நல்ல விசயத்தை வாசிக்கலாம்.

சண்டைக் காலம் அது. திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பும் எடுத்தேன். என் மனுசன் சீனன்குடாவில் ஒரு கந்தோரில் கிளாக்கர். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவரும் இவர்தான். குரல் மணிபோல இருக்கும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் கட்டினேன், பிழை என்னுடையது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூன்றாவது வயிற்றில்.

ஆறாம் மாதத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியது. முதலில் பள்ளிக்கூடப் படியில். பிறகு சட்டி கழுவும்போது. பிறகு படுத்தால் மூச்சு அடைத்தது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து பார்த்தேன், அதுவும் சரிவரவில்லை. கடைசியில் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொண்டேன். வயிற்றில் பெடியன், அதுதான் மேலே ஏறி நிற்கிறான் என்று அயலில் சொன்னார்கள். அயலில் எல்லோரும் டொக்டர்கள்.

உண்மையான டொக்டர் குழாயை நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டார். சின்ன வயதில் முழங்கால் வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்தது. அந்தக் காய்ச்சல் முழங்காலை விட்டுவிட்டு இதயத்தில் தழும்பு வைத்துவிட்டுப் போயிருக்கிறது. இதயத்தின் இடது பக்கத்தில் இரத்தம் ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்குப் போக ஒரு கதவு உண்டு, அதை வால்வு என்பார்கள். என்னுடைய கதவு தழும்பு பிடித்து, பாதி திறந்தபடி இறுகிப்போய்விட்டது. கர்ப்பிணிக்கு இரத்தம் கூடும். கூடின இரத்தம் அந்த ஒடுங்கின வாசலால் போக முடியாமல் பின்னால் தேங்கும். பின்னால் இருப்பது நுரையீரல். அதனால்தான் மூச்சு.

கதவு எவ்வளவு திறக்கிறது என்று பார்க்கும் எக்கோ மெசின் எங்கள் ஊரில் இல்லை, கண்டிக்குப் போக வேண்டும். இவரின் தங்கை திரேசா மச்சாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தா. ஒவ்வொரு செக்பொயின்டிலும் பஸ்ஸால் இறங்கி, நடந்து, திரும்ப ஏற வேண்டும். நடக்க முடியாமல் நான் நின்று நின்று போனேன். ஓரிடத்தில் பெண் சிப்பாய் ஒருத்தி என் வயிற்றைச் சோதிக்க வேண்டியிருந்தது. கையைக் காட்டி, தொடலாமா என்பதுபோலத் தலையை அசைத்துக் கேட்டாள். நான் தலையாட்டின பிறகுதான் தொட்டாள். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த வருடம் முழுவதும் என் வயிற்றைப் பற்றி என்னிடம் கேட்ட ஆள் அவள் ஒருத்திதான்.

கண்டியில் நெஞ்சில் பசைபோல எதையோ பூசி, படம் பார்த்து, உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்கள். எங்கள் ஊருக்கே திரும்பி வந்து சேர்ந்தேன். உப்புக் கூடாது, நடக்கக் கூடாது, தண்ணீர் இறக்கும் குளிசை போட வேண்டும். அந்தக் குளிசை உடம்பில் தேங்கினதைச் சிறுநீராக வெளியேற்றும். வார்ட்டு ஜன்னலால் கடல் தெரியும். கடலைப் பார்த்து நோய் மாறும் என்பவர்கள் அங்கே கிடந்து பார்க்கவேண்டும். கடற்படைப் படகு இரைந்துகொண்டு போகும், மின்சாரம் நிற்கும், நேர்ஸ் மிஸ்ஸி லாம்பைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாக வருவா.

மச்சாள் தினமும் உப்பில்லாத கஞ்சியும் மீன் சொதியும் கொண்டு வருவா. வாசலில் காவலுக்கு நிற்பவன் மூடியைத் திறந்து கரண்டியால் கிண்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவான்.

"மச்சாள், ரெண்டு உலை வைக்க ஏலாது. வீட்டிலை எல்லாருக்கும் உப்பில்லாமல்தான்," என்றா.

"உங்கடை அண்ணன் என்ன சொல்லுறார்?"

"ஒண்டும் சொல்லேல்லை. சாப்பிடுறார். உப்பில்லை எண்டு கண்டவரோ தெரியாது."

இவரைப் பற்றி இதைவிடச் சரியாக ஒருவரும் சொன்னதில்லை.

பிள்ளை குறை மாதத்தில் பிறந்தது. பெண். அழுதாள், அதைக் கேட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். பிள்ளை வெளியே வந்ததும் கர்ப்பப்பை சுருங்கி, அதிலிருந்த இரத்தம் எல்லாம் ஒரேயடியாக இதயத்துக்குத் திரும்புமாம். என் கதவு அதைத் தாங்கவில்லை. நுரையீரலில் நீர் நிறைந்து, வாயால் இளஞ்சிவப்பாக நுரை வந்ததாம். என்னை நிமிர்த்தி இருத்தி, ஒட்சிசன் வைத்து, ஊசிக்கு மேல் ஊசி போட்டிருக்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது, கரையில் எடுத்துப் போட்ட மீன் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தது மட்டும்.

மூச்சு ஒழுங்கான பிறகு பெரிய டொக்டர் வந்தார். கொழும்பிலிருந்து வந்த பெண்நோய் நிபுணர், தமிழர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கதைப்பவர்.

"அம்மா, இன்னொரு பிள்ளை எண்டால் உங்களைக் காப்பாத்த ஏலாது. பிள்ளையையும் ஏலாது. இதோடை நிப்பாட்டுவம்."

வயிற்றில் சின்னதாக ஒரு வெட்டு. முட்டை வருகிற இரண்டு குழாயையும் கட்டி வெட்டிவிடுவார்கள். என் இதயத்துக்கு முழு மயக்கம் ஆபத்து, இடத்தை மட்டும் விறைக்கச் செய்வார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எனக்கு ஆகாது, இரத்தம் உறைந்துவிடும். இவருக்குச் செய்யலாமா என்று நான் கேட்டேன். அது இன்னும் சுகமான ஒப்பரேசன் என்று டொக்டர் சொன்னார். கட்டிலின் கால்மாட்டில் நின்ற இவர், பிளாஸ்க்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

"எனக்குச் செய்யுங்கோ டொக்டர்," என்றேன். யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. மூன்று பிள்ளைகளுக்குத் தாய் வேண்டும். நானும் சாக விரும்பவில்லை. இரண்டாவது காரணத்தைச் சொன்னால் எங்கள் கோயிலில் முகம் சுளிப்பார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். நான் சாக விரும்பவில்லை.

"அப்ப ஹஸ்பண்ட் கையெழுத்துப் போடட்டும். நான் அடுத்த கிழமை மாற்றலாகிக் கொழும்புக்குப் போறன். எனக்குப் பதிலா ஆர் வருவினம், எப்ப வருவினம் எண்டு தெரியாது." சண்டைக்குள் எங்கள் ஊருக்கு வரக் கொழும்பில் ஒரு டொக்டரும் வரிசையில் நிற்கவில்லை.

திரும்பி வந்த இவர் பேனையைத் தொடவில்லை. "பாதரிட்டை ஒருக்காக் கேட்டிட்டு வாறன்," என்றார்.

பாதர் இளைஞர். பயந்த சுபாவம். நேரே வந்து என்னோடு கதைத்திருந்தால் மதித்திருப்பேன். அவர் விசயத்தைச் செபக் குழுவிடம் கொடுத்துவிட்டார். செபக் குழு என்றால் பிலோமினா அக்கா. மடிப்புக் குலையாத வெள்ளைச் சீலை, கையில் செபமாலை. அவவுக்குப் பிள்ளைகள் இரண்டே இரண்டு, இடையில் பத்து வயது வித்தியாசம். இயற்கை எப்படி அவவுக்கு இவ்வளவு ஒழுங்காகப் பணிந்து நடந்தது என்று கோயிலில் ஒருவரும் கேட்டதில்லை.

ஐந்தாறு பேராக வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். எடுத்த எடுப்பில் பாடத் தொடங்கினார்கள். பக்கத்துக் கட்டிலில், கட்டைபறிச்சானிலிருந்து லோஞ்சுப் படகில் வந்து சேர்ந்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, திடுக்கிட்டு எழும்பி என்னை எட்டிப் பார்த்தாள்.

"உயிரோடைதான் இருக்கிறீங்களோ அக்கா? பாட்டுக் கேக்க நான் பயந்திட்டன்."

பாட்டு முடிந்ததும் பிலோமினா அக்கா என் கையைப் பிடித்தா.

"பிள்ளை, கடவுள் தாறதை வேண்டாம் எண்டு சொல்ல நாங்கள் ஆர்?"

"வருத்தத்தையும் அவர்தானே அக்கா தந்தவர். அதுக்கு மட்டும் ஏன் மருந்து எடுக்கச் சொல்லுறீங்கள்?"

"அது வேறை. கட்டுப்பாடாய் இருந்தால் போதும். நாள் பாத்து நடக்கிற முறை இருக்குத்தானே."

அந்த முறையில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. மூன்றில் இரண்டு பிள்ளைகள் அந்த முறையில் பிறந்தவர்கள்தான். சொன்னேன். பின்னால் நின்ற ஒருத்தி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தாள். பிலோமினா அக்கா கேட்காததுபோல அடுத்ததற்குப் போனா.

"எங்கடை சனம் குறைஞ்சுகொண்டு போகுது பிள்ளை. இந்த நேரத்திலை நீயும் இப்பிடிச் செய்யிறதோ?"

சனத்தைக் குறைக்கிறவர்களிடம் போய் இதைச் சொல்ல அவவுக்குத் தைரியம் வரவில்லை. என் வயிறுதான் வாய்திறவாது என்று நினைத்தா. எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மிஸ்ஸி வந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னா. போகும்போது என் நெற்றியில் தீர்த்தம் தெளித்தார்கள். ஒட்சிசன் குழாயிலும் பட்டது.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பிரசங்கம் முடிய, அந்தக் கிழமை யார் யாருக்காக மன்றாட வேண்டும் என்று ஒரு கடதாசித் துண்டில் எழுதி வாசகரிடம் கொடுப்பார்கள். எழுதுவது செபக் குழு. வாசிப்பது இவர். கோயிலுக்குள் இடம் போதாமல் மாமரத்தின் கீழ் நிற்கிறவர்களுக்கும் கேட்க வெளியே ஒலிபெருக்கி கட்டியிருக்கும். தெருவில் போகிற சைவக்காரருக்கும் சோனகருக்கும் சேர்த்துக் கேட்கும்.

அன்று பின்னேரம் இவர் வந்தார். கதிரையில் இருந்தார். பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தார். ஏதோ நடந்திருக்கிறது என்று முகத்தில் எழுதி இருந்தது.

"இண்டைக்குக் கோயிலிலை உமக்காக மன்றாடினவை," என்றார்.

"என்னவெண்டு?"

"சுகம் வரவேணும் எண்டு."

"வேறை?"

"கடவுளுக்கு விரோதமான சத்திரசிகிச்சைக்கு நீர் சம்மதிக்காமல் மனம் திரும்பவேணும் எண்டும் எழுதி இருந்தது."

"என்ரை பேரோடையோ?"

"ஓம்."

"ஆர் வாசிச்சது?"

பிள்ளையின் துணியை இழுத்துச் சரிசெய்தார்.

"உங்களைத்தான் கேக்கிறன். ஆர் வாசிச்சது?"

"துண்டு தந்தவை. தந்தால் வாசிக்கத்தானே வேணும்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்தால் இருமல் வரும், இருமினால் நெஞ்சு நோகும், ஆனாலும் சிரித்தேன். என் மனுசன் பீடத்தில் ஏறி நின்று, அந்த மணிக் குரலில், பிழையில்லாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, தன் பெண்சாதியின் கர்ப்பப்பைக்கு எதிராக ஊரைக் கூட்டி மன்றாடியிருக்கிறார். சனமும் தூக்கத்தோடு வழக்கமான பதிலைச் சொல்லியிருக்கும். நான் செத்துப்போனால் அந்த அறிவித்தலையும் இவர்தான் வாசிப்பார், அதையும் நன்றாகவே வாசிப்பார்.

"பெரும்பாடு வந்து இரத்தம் நிக்காமல் போன மனுசியின்ரை கதை உங்களுக்கு நினைவிருக்கோ?" என்று கேட்டேன். "எத்தினை தரம் வாசிச்சிருப்பீங்கள். சனத்துக்குள்ளாலை வந்து யேசுவின்ரை உடுப்பைத் தொட்டவள். புருசன்ரை கையெழுத்து வாங்கிக்கொண்டோ வந்தவள்? அவர் அவளை மகளே எண்டுதான் கூப்பிட்டவர்."

"எனக்கு உதெல்லாம் விளங்குது," என்றார். "கோயிலிலை என்னை என்னண்டு பாப்பினம் எண்டு நீரும் யோசியும்."

யோசித்தேன். பெட்டிக்குள் கிடக்கிற என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று.

டொக்டர் போவதற்கு முதல் நாள் கடைசியாகக் கேட்டார்கள். இவர் வரவில்லை. கந்தோரில் வேலையாம். சீனன்குடாவில் அன்று உலகமே இவர் தலையில் நின்றிருக்கும். மச்சாள் கஞ்சிப் பாத்திரத்தோடு டொக்டர் முன்னால் போய் நின்றா.

"நான் அவரின்ரை தங்கச்சி. அண்ணனுக்குப் பதிலா நான் போடுறன் கையெழுத்து."

"அது சரிவராது தங்கச்சி."

"அப்ப சட்டத்திலை புருசன்தான் போடவேணும் எண்டு எழுதி இருக்கோ?"

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "அப்பிடிச் சட்டம் ஒண்டும் இல்லை. வழக்கம். பிறகு வந்து சண்டை பிடிப்பினம் எண்டு வாங்கி வைக்கிறது."

நான் ஒட்சிசன் குழாயை மூக்கிலிருந்து எடுத்தேன். இதை மூச்சு இரைந்தபடி சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

"டொக்டர், அப்ப இவ்வளவு நாளும் நான் ஆருக்காகக் காத்துக் கிடந்தனான்?"

கெட்டிக்காரர், என் உயிரைக் காப்பாற்றினவர், நிலத்தைப் பார்த்தார். பிலோமினா அக்கா பாதரைக் காட்டினா, பாதர் கடவுளைக் காட்டினார், இவர் துண்டைக் காட்டினார், டொக்டர் வழக்கத்தைக் காட்டினார். ஒருவருக்கும் என்னைத் தெரியவில்லை. நான் நடுக் கட்டிலில்தான் கிடந்தேன்.

"தாங்கோ," என்றேன். என் பெயரை நானே எழுதினேன். பெரிய எழுத்தாக எழுதினேன்.

தியேட்டரில் மேலே வெளிச்சம் கண்ணைக் குத்தியது. நோகவில்லை, யாரோ உள்ளே பிடித்து இழுப்பதுபோல இருந்தது. நான் செபித்துக்கொண்டு கிடந்தேன். பயத்தில் செபிப்பது ஒரு மாதிரி, நன்றியில் செபிப்பது ஒரு மாதிரி. இது இரண்டாவது. அந்த நேரம் கடவுள் என்னோடு கோபமாக இருக்கிறார் என்று எனக்கு ஒரு துளியும் தோன்றவில்லை. வெளியே கொண்டு வந்தபோது மச்சாள் என் கால்களைத் தன் சீலைத் தலைப்பால் போர்த்தினா. அன்று கஞ்சியில் களவாக ஒரு சிட்டிகை உப்புப் போட்டிருந்தா.

வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளையின் ஞானஸ்நானக் கதை எழுந்தது. அதற்கு முன் நான் என் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று பாதர் சொல்லி அனுப்பியிருந்தார். வழக்கம்போலச் செய்தியைக் கொண்டு வந்தவர் இவர். செய்யாவிட்டால் எனக்கு நற்கருணை இல்லை, பிள்ளைக்கு ஞானஸ்நானம் எப்போது என்று சொல்ல ஏலாதாம். சனிக்கிழமை பின்னேரம் மெல்ல மெல்ல நடந்து போனேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் இடம் விட்டார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றது பிலோமினா அக்கா.

எனக்கும் பாதருக்கும் நடுவில் இருந்த கம்பித் தட்டிக்குக் கிட்ட முழந்தாளிட்டேன்.

"நான் ஆக்களை இளக்காரமாய்ப் பாத்தனான் பாதர். பிலோமினா அக்காவை. அவவோடை வந்தவையை. என்ரை மனுசனை. உங்களையும்."

மறுபக்கம் ஒரு இருமல். "வேறை?"

"பிள்ளையளுக்கு ஏசினனான்."

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை."

"டீச்சர், அந்த ஒப்பரேசன்."

"அது பாவம் எண்டால் சொல்லியிருப்பன் பாதர். மாதாவுக்குப் பிள்ளையைக் குடுக்கக் கடவுளே ஆளனுப்பிக் கேட்டவர். அவ ஓம் எண்டு சொல்லுமட்டும் அவர் அனுப்பின சம்மனசு காத்துக்கொண்டு நிண்டது. வருசா வருசம் நான் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற பாடம் அது. கடவுள் கேட்டவர். நீங்கள் ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

எழும்பிப் போய்விட்டாரோ என்று தட்டியில் காதை வைத்தேன். பிறகு, யாராவது பிடித்துவிடுவார்களோ என்று ஓடுகிறவரைப்போல, அவசரம் அவசரமாகப் பாவமன்னிப்புச் செபத்தைச் சொன்னார். இகழ்ந்ததற்குப் பரிகாரமாக, இகழ்ந்தவர்களுக்காக ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். பிள்ளையை அடுத்த ஞாயிறு கொண்டு வரச் சொன்னார்.

"டீச்சர்," என்றார், இன்னும் தாழ்ந்த குரலில். "இதை வெளியிலை சொல்லிக்கொண்டு திரியாதேங்கோ. சனம் பிழையாய் விளங்கும்."

என் வயிற்றைக் கண்டிக்க ஒலிபெருக்கி. எனக்குக் கிடைத்த மன்னிப்புக்குக் குசுகுசுப்பு.

"சொல்லுவன் பாதர்," என்று எழும்பினேன்.

வெளியே பிலோமினா அக்கா கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றா. "எல்லாம் சொல்லிட்டியோ பிள்ளை?"

"சொல்லிட்டன் அக்கா. உங்களை இளக்காரமாய்ப் பாத்ததுக்கு மன்னிப்புத் தந்தவர். ஒப்பரேசனுக்குத் தரேல்லை, நான் கேக்கேல்லை."

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் பிலோமினா அக்காவுக்கு மிகக் கிட்டவிருந்த மர வாங்கில் முழந்தாளிட்டு, செபமாலையை எடுத்து, அவவுடைய பெயரைச் சொல்லி, கோயில் முழுவதும் கேட்கும்படி தொடங்கினேன்.